தோளுக்குப் பதில் மூன்று கால்

என் அண்ணன் நார்வலின் வலது தோளில் துப்பாக்கியைச் சாய்த்துத்தான் அவன் மனைவி ஆர்லிஸ் மான் சுடுவாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். அவன் புல்லில் சம்மணம் போட்டு உட்காருவான். அவள் பின்னால் மண்டியிட்டு ரைபிளின் முன்கட்டையை அவன் தோளில் வைப்பாள். குழல் அவன் காதைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அவன் இரண்டு காதையும் விரலால் அடைத்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொள்வான். அவள் சுடுவாள். மான் விழுந்தது நிச்சயம் என்று தெரிந்ததும் அவன் தோளை இரண்டு முறை தட்டுவாள். அப்போதுதான் அவன் மூச்சு விடுவான்.

துப்பாக்கியும் தூண்டிலும் விற்கிற கடை வைத்திருப்பவள் நான். யாராவது வந்து, பெண்டாட்டி தோளை முட்டாக வைத்துச் சுடப் போகிறேன் என்று சொன்னால், தோட்டாவும் கிடையாது ஒன்றும் கிடையாது, நடையைக் கட்டு என்பேன். அண்ணனிடமும் சொல்லிப் பார்த்தவள்தான். அவனுக்கு வலது காது பாதி போய்விட்டது. நான் சொன்னது எப்போதும் அந்தக் காதில்தான் விழுகிறது போலிருக்கிறது.

ஆர்லிஸ் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே. இப்போது அதே பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிறாள். கவலைப்படுவதை இன்னொரு வேலையாகச் செய்கிறவள். அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் பாதி வழி போய், அணைத்தோமா என்று திரும்பி வருவாள். பனி பெய்தால் பிள்ளைகளின் பஸ் கவிழுமோ என்று கவலை. பெய்யாவிட்டால் கோதுமை என்ன ஆகுமோ என்று கவலை. சின்ன வயதில் அவள் அப்பா அவள் கையில் துப்பாக்கியைக் கொடுத்ததே இல்லை. மானைக் கண்டால் இவள்தான் முதலில் விழுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நார்வல் சிரிக்கவில்லை. கல்யாணமான முதல் இலையுதிர் காலத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். கை உதறலில் துப்பாக்கிமுனை வட்டம் போட்டது. "இங்க வை" என்று அவள் முன்னால் உட்கார்ந்து தோளைக் காட்டினான். அன்றைக்கு அவள் கை நின்றது. மொன்டானாவின் இந்த வடக்கு மூலையில், மரமே இல்லாத புல்வெளியில், சாய்ந்துகொள்ள வேறு என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு வெகு காலம் அவள் சுட்ட மான் ஒன்றுகூடத் தப்பித்ததில்லை. "என் தோள்ல வெச்சது குறி தப்பாது" என்று அண்ணன் காபிக் கடையில் சொல்லாத நாள் கிடையாது. மனிதனுக்குப் பெருமைப்பட வேறு பெரிதாக ஒன்றும் அமையவில்லை. இதையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பிறகு அவனுக்கு நடுக்க நோய் வந்தது. கிரேட் ஃபால்ஸ் நகரத்து டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆர்லிஸுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஊருக்குத் தெரியக்கூடாது என்றான். காபிக் கோப்பை தட்டில் தந்தி அடித்துக்கொண்டிருந்தால் ஊருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊர் அந்த விஷயத்தில் நல்ல ஊர். அண்ணன் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கைதான் ஆடுது, தோரா. தோள் ஆடலை."

போன வருஷம் வேட்டைக் காலத்தில் ஒரு ஞாயிறு. ஓடைப் பள்ளத்துக்கு எதிர்ச் சரிவில் ஒரு பெட்டை மான். வழக்கம்போல நார்வல் உட்கார்ந்தான், ஆர்லிஸ் சுட்டாள். குண்டு கீழே போய் மானின் முன்னங்காலை ஒடித்தது. இருட்டும் வரை ரத்தத்தைத் தொடர்ந்து போனார்கள். ஓடை நீரில் தடம் அறுந்துவிட்டது. மறுநாளும் தேடினார்கள், கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு: காயப்படுத்தித் தொலைத்த மானும் நம் மான்தான். ஒரு மானுக்கென்று அரசாங்கம் தரும் அனுமதிச் சீட்டை வெட்டிவிட வேண்டும், அந்த வருஷம் வேறு மான் கிடையாது. ஆர்லிஸ் சமையலறைக் கத்தரிக்கோலால் சீட்டை வெட்டினாள்.

"என்ன ஆச்சு?" என்று அண்ணன் கேட்டானாம்.

"நான் கண்ணை மூடிட்டேன்" என்றாளாம் இவள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் கடைக் கறி வாங்கித் தின்றார்கள். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. பிப்ரவரியில் பள்ளி வாசல் பனிக்கட்டியில் ஆர்லிஸ் வழுக்கி விழுந்து வலது காறை எலும்பை உடைத்துக்கொண்டாள். இவ்வளவுதான் எனக்கும் தெரிந்த கதை, செப்டம்பரில் அவள் என் கடைக்கு வந்து நிற்கும் வரை.

கடையில் அப்போது தபால் வண்டி ஓட்டுகிற வெண்டல் நின்றுகொண்டிருந்தான். எதையும் வாங்க மாட்டான், எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பான்.

"துப்பாக்கிக்கு முட்டு வேணும், தோரா" என்றாள் ஆர்லிஸ். "மடக்கி எடுத்துட்டுப் போற மாதிரி ஏதாவது."

"உனக்கு எதுக்கு முட்டு?" என்றான் வெண்டல். "நார்வல் யார்கூடயாவது ஓடிப்போயிட்டானா?"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சொல்லிப் பழகிவைத்திருந்ததை ஒப்பித்தாள். "எலும்பு ஒடஞ்சதுல்ல. ரைபிள் உதைச்சா தாங்காது. அதான் இந்த வருஷம் நார்வலோட நீளக் குழல் பிஸ்டல். பிஸ்டலை அவன் தோள்ல வெச்சா குழல் வாய் நேரா காதுகிட்ட வந்துடும்."

"பாதிக் காதுதான் மிச்சம். அதையும் வாங்கிட்டா வீட்ல நிம்மதியா இருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே சிரித்தபடி வெண்டல் போனான்.

கதவு மூடியதும் ஆர்லிஸ் மீன்புழு வைக்கும் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "என் எலும்பு ஈஸ்டருக்கே கூடிடுச்சு" என்றாள்.

"பின்ன?"

"நான் கண்ணை மூடலை, தோரா. குறி சரியா இருந்துச்சு. விரலை இழுக்கிற நேரத்துல அவன் தோள் கீழ போச்சு. சும்மா இல்ல, பிடிச்சுத் தள்ளின மாதிரி."

கையிலிருந்த தூண்டில் பெட்டியை மேசையில் வைத்தேன்.

"சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"எதைச் சொல்ல? உன் தோளும் போயிடுச்சுன்னா? அவன்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு. டிராக்டர் சாவியை என் தம்பி மகன்கிட்ட குடுத்தாச்சு. ஆலயத்துல காணிக்கைத் தட்டு ஏந்துறதை விட்டாச்சு. இதையும் நான் போய்ப் பிடுங்கவா?" அவள் விரல்கள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தன. "அவன் தோள்ல வெச்சா இன்னொரு மானை நொண்டியாக்கிடுவேன். வைக்க மாட்டேன்னா அவனுக்குத் தெரிஞ்சுடும். பிஸ்டல்னா தெரியாது. பிஸ்டலுக்குத் தோள் ஆகாது, அவ்வளவுதான், யார் மேலயும் குத்தம் இல்ல."

பொய் சொல்வதிலும் இப்படிச் சுற்றி வளைத்து யோசிக்க அவளால்தான் முடியும். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கடைக்கதவைச் சாத்திவிட்டு, என்னிடம் இருந்த எல்லா முட்டுகளையும் தரையில் பரப்பினேன்.

துப்பாக்கியின் அடியிலேயே மாட்டுகிற இரட்டைக்கால் ஒன்று இருந்தது. குப்புறப் படுத்துச் சுட அருமை. ஆனால் எங்கள் பக்கத்துச் சேஜ் புதர் முட்டி உயரம். படுத்தால் மான் தெரியாது, புதர்தான் தெரியும். தவிர, பிஸ்டலில் அதை மாட்டினால் முனை கனத்து மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். ஒற்றைக் குச்சி கைத்தடியாகவும் ஆகும், ஆனால் இடமும் வலமும் அலைகிறது. கத்தரி மாதிரி விரிகிற இரட்டைக் குச்சி பக்கவாட்டில் நின்றாலும் முன்னும் பின்னும் ஆடியது. கவ்வி வைத்த பெரிய முக்காலி பாறை மாதிரி நிற்கும். அதைத் தூக்கிக்கொண்டு மேடேறி, பூட்டித் திருகி முடிப்பதற்குள் மான் பேரன் பேத்தி எடுத்துவிடும்.

ஒவ்வொன்றையும் விரித்துத் தரையில் உட்கார்ந்து ரப்பர் பயிற்சிப் பிஸ்டலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி. "இது ஆடுமா?"

"எதுவும் கொஞ்சம் ஆடும், ஆர்லிஸ்."

"எவ்வளவு கொஞ்சம்?"

கடைசியில் லேசான மூன்று கால் குச்சியை எடுத்தாள். மேலே துப்பாக்கி உட்கார ஒரு கவை, கீழே மூன்று கால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக நீட்டலாம். சரிவில் உட்கார்ந்தால் பள்ளத்துப் பக்கக் காலை மட்டும் நீளமாக்கிக்கொள்ளலாம். கால்களைச் சேர்த்துக் கட்டியிருந்த ஒட்டுப்பட்டையைப் பிரித்தால் துணி கிழிகிற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு அடுத்த மாவட்டத்து மானும் ஓடும். அதை வெட்டி எறிந்துவிட்டு பூட்ஸ் கயிறு கட்டிக் கொடுத்தேன். ஒரு காலை நீட்டும்போது மட்டும் எலி கத்துவது போல ஒரு சத்தம். எண்ணெய் விட்டால் குளிரில் உறைந்துவிடும் என்று அப்படியே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து அண்ணன் தூங்கும் நேரத்தில், ஊருக்கு வெளியே ஜல்லிக் குழிக்குப் போனோம். அவள் ஒரு மண்திட்டில் முதுகைச் சாய்த்து, முட்டியை மடக்கி, குச்சியை முன்னால் ஊன்றிச் சுட்டாள். குண்டுகள் எல்லாம் அட்டைக்கு மேலே போய் மண்ணில் புகுந்தன. மறுபடியும் மேலே. குறியைத் தாழ்த்தினாள், அப்போதும் மேலே.

"எனக்கும் வந்துடுச்சு போல" என்றாள் தன் கையைப் பார்த்தபடி. "அவனுக்கு வந்தது."

"நடுக்கம்னா நாலா பக்கமும் போகும். இது மேல மட்டும்தான் போகுது. வாயை மூடிட்டு இரு, யோசிக்கிறேன்."

இத்தனை வருஷம் கடை வைத்திருந்தும் எனக்கு உடனே உறைக்கவில்லை. குழலையே நேராகக் கவையில் வைத்திருந்தாள். கெட்டியான இடத்தில் குழல் உட்கார்ந்தால் சுடும்போது துள்ளிவிடும். அண்ணன் தோள் என்ன கெட்டியா? சதை, அதற்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் பஞ்சு வைத்த கோட்டு. அதுவும் அவள் அங்கே முன்கட்டையைத்தான் வைப்பாள், குழலை அல்ல. சொன்னதும் ஆர்லிஸ் வண்டிக்குப் போய், பள்ளிச் சமையலறையின் தடித்த அடுப்புக் கையுறை ஒன்றை எடுத்து வந்தாள். கவையில் அதைச் சுற்றி, பிஸ்டலின் மரக்கட்டை அதன்மேல் படும்படி வைத்தாள். அடுத்த குண்டு அட்டையின் நடுவுக்குப் பக்கத்தில் விழுந்தது.

அவள் சிரிக்கவில்லை. "கிட்டத்துல சரி. தூரம்னா?" என்றாள்.

"தூரம்னா பிஸ்டலால சுடாதே. அவ்வளவுதான்."

அக்டோபர் கடைசியில் எங்கள் லூத்தரன் ஆலயத்தில் லூட்டஃபிஸ்க் விருந்து. காரத்தில் ஊறவைத்த காய்ந்த மீன். நாறும், வழவழவென்று இருக்கும், வருஷத்துக்கு ஒரு முறை, கப்பலேறி வந்த தாத்தாமார்கள் மேலுள்ள மரியாதைக்காகத் தின்போம். சமையலுக்கு வழக்கம்போல ஆர்லிஸ். உருளைக்கிழங்கு வெந்த பெரிய பானையை இறக்க ஆள் வரவில்லை. கூடம் நிறையச் சனம் காத்திருந்தது. அவளுக்குப் பரபரப்பில் எதுவும் நினைவில்லை. இரண்டு கையாலும் பானையைத் தூக்கி, வலது தோளில் ஏற்றி, கூடத்தின் குறுக்கே நடந்து மேசையில் வைத்தாள். வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். நார்வல் நேர் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

அவன் லெஃப்ஸா ரொட்டியில் வெண்ணெய் தடவ முயன்றுகொண்டிருந்தான். கத்தி தட்டில் தாளம் போட்டது.

சமையலறைக்குள் வந்து என் கையைப் பிடித்தாள். "பார்த்துட்டானா?"

"ரொட்டியைப் பார்த்துட்டிருந்தான்."

"நிஜமாவா? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

நான் மீனைப் பார்த்துக்கொண்டு, "நிஜமாதான்" என்றேன்.

அந்த வாரம் அவள் தூங்கவே இல்லை. இரண்டு நாள் கழித்துக் கடைக்கு ஓடி வந்தாள். "குச்சியில மெழுகு தேய்ச்சதுக்கு நன்றி சொல்லலாம்னு வந்தேன். இப்ப அந்தக் கால் கத்தவே இல்ல."

"நான் எங்க தேய்ச்சேன்?"

குச்சி அவர்கள் வீட்டு முன்தாழ்வாரத்தில் மாட்டியிருந்தது. அங்கே போய் வருவது அவளும் அவனும்தான்.

"சும்மா எடுத்துப் பார்த்திருப்பான்" என்றேன். "சத்தம் கேட்டா சும்மா இருப்பானா? கீல் கத்தினா ராத்திரி எந்திரிச்சு எண்ணெய் விடுறவன்தானே."

"பாதிக் காது கேக்காதவனுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டுச்சு?" என்றாள்.

வேண்டாம், இந்த வருஷம் போக வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. போகாவிட்டால் அவன் காரணம் கேட்பான். காரணம் கேட்டால் இவள் உளறுவாள். போயே ஆக வேண்டும் என்று அவளே முடிவு செய்தாள். "இந்தத் தடவையும் காயப்படுத்திட்டா துப்பாக்கியைத் தொடவே மாட்டேன், தோரா" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் ஆடவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மூன்று பேரும் போனோம். மானை இழுத்து வர அண்ணனால் இனி முடியாது என்பதற்காக நான். மேய்ச்சல் நிலத்து வேலி வாசலுக்குப் பக்கத்தில் வண்டியை விட்டோம். வேட்டையில் மற்றவர் கண்ணுக்குத் தெரியப் போடும் ஆரஞ்சு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் இறங்கினான். தோளில் பழைய ரைபிள்.

"அது எதுக்கு?" என்றாள் ஆர்லிஸ். பட்டென்று வந்துவிட்டது.

"கூட வரட்டும்."

"நீ சுடப் போறதில்லையே."

"நடக்குறப்ப தோள்ல ஒண்ணு இல்லாட்டி எனக்கு நடையே வராது. வா."

காற்று முகத்தில் அடித்தது. மானுக்கு நம் வாடை போகாது, நல்லது. ஓடைப் பள்ளத்தின் விளிம்புக்குக் கடைசிக் கொஞ்சத் தூரம் தவழ்ந்து போனோம். அண்ணன் தவழ்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கையூன்றிய ஒவ்வொரு தடவையும் சேஜ் புதர் சலசலத்தது. ஆர்லிஸ் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவன் விழுந்துவிடுவானோ என்று ஒரு பார்வை, தெரிந்துகொண்டானோ என்று ஒரு பார்வை.

எதிர்ச் சரிவில் ஒரு பெட்டை மான் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. போன வருஷத்து இடத்துக்குப் பக்கத்திலேயே. இது நாலு காலில் ஒழுங்காக நிற்கிறதா என்றுதான் நான் முதலில் பார்த்தேன். நின்றது.

ஆர்லிஸ் உட்கார்ந்து குச்சியை விரித்தாள், பிஸ்டலைக் கையுறைமேல் வைத்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். தூரம் அதிகம். எனக்கே தெரிந்தது. அவள் தோள்கள் ஏறி இறங்கின. காத்திருந்தாள். மான் ஒரு வாய் கடித்தது, இரண்டடி மேலே ஏறியது. மறுபடி ஒரு வாய், மறுபடி மேலே.

"பிஸ்டல் எட்டாது" என்றான் அண்ணன். காது கேளாதவனின் கிசுகிசுப்பு. மான் தலையை நிமிர்த்தியது. நாங்கள் கல்லாக இருந்தோம். அது மறுபடி குனிந்தது.

"கிட்ட வரட்டும்" என்றாள் அவள்.

"வராது. முகடு தாண்டப் போகுது. ரைபிளை எடு."

"என் தோள்பட்டை..."

"உன் தோள்பட்டை ஈஸ்டருக்கே சரியாயிடுச்சு, ஆர்லிஸ்."

அவள் திரும்பவில்லை. ஸ்கோப்பில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது. பிறகு பிஸ்டலைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்து, இரண்டையும் புல்லில் வைத்தாள். எல்லாம் மெதுவாக, கையில் முட்டை வைத்திருப்பவளைப் போல.

அண்ணன் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனான். முதுகை அவள் பக்கம் காட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எத்தனையோ வருஷம் உட்கார்ந்த அதே மாதிரி. ஆரஞ்சுச் சட்டையின் மேல்விளிம்பு அவன் கழுத்துக்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். காற்றினால் அல்ல. ஆர்லிஸ் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அந்தத் தோளில் வைத்தால் மானுக்கு அநியாயம், வைக்க மாட்டேன் என்றால் அவனுக்கு அநியாயம்.

"நார்வல்" என்றாள்.

அவன் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான். "குச்சியைக் குடு."

கொடுத்தாள். தன் தோள் எங்கே இருந்ததோ அந்த உயரத்துக்கு அதைச் சரிசெய்தான். பள்ளத்துப் பக்கத்துக் காலை நீட்டினான். சத்தம் வரவில்லை. நடுங்குகிற கையால் அதை மண்ணில் அழுத்த மூன்று நான்கு தடவை ஆனது. நான் உதவிக்கு நகர்ந்தேன். ஆர்லிஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கடைசியாகக் கையுறையைக் கவையில் நன்றாக அமுக்கிவைத்தான். பிறகு அந்த இடத்தைக் குச்சிக்கு விட்டுவிட்டு, முட்டியால் பக்கவாட்டில் நகர்ந்தான்.

"போன வருஷம் நீ கண்ணை மூடலை" என்றான். "கைதான் ஆடுதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். தோளும் ஆடுது. அன்னிக்கு அது கீழ போனது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லலை?" என்று கேட்டது நான்தான். அண்ணனை நான் 'டா' போட்டது சின்ன வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"அவ பழியை ஏத்துக்கிட்டா. எனக்கு அது வசதியா இருந்துச்சு." தோளிலிருந்து ரைபிளைக் கழற்றி ஆர்லிஸிடம் நீட்டினான். "தோட்டா உள்ள அஞ்சும் இருக்கு. பேச்செல்லாம் அப்புறம். மான் போகுது."

ஆர்லிஸ் ரைபிளை வாங்கிக் கையுறைமேல் வைத்தாள். தோளில் பொருத்தினாள். உடைந்து கூடிய எலும்பின்மேல் தேய்ந்த பழைய அடிக்கட்டை. நடுங்கிக்கொண்டிருந்தாள், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் குழல் நின்றது.

அண்ணன் எனக்குப் பின்னால் சரிவில் இறங்கிக்கொண்டான். தன் ஆட்டம் புல் வழியாகக்கூட அவளைத் தொடக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, தேவைக்கு மேலேயே தள்ளிப் போனான்.

நான் மானைப் பார்க்கவேண்டியவள். தொலைநோக்கி என் கழுத்தில்தான் தொங்கியது. குண்டு எங்கே பட்டது என்று சொல்லும் வேலையும் என்னுடையதுதான். பார்க்க முடியவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டேன், அதனால் நான் பார்த்தது அண்ணனை. துப்பாக்கி அத்தனை தூரத்தில் இருக்க, அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு காதிலும் விரலை விட்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். விரல்கள் காதில் நிற்காமல் நழுவின. விடாமல் திரும்பத் திரும்ப உள்ளே வைத்தான்.

வெடித்தது. பள்ளம் முழுக்கச் சத்தம் உருண்டு போய்த் திரும்பி வந்தது.

நான் சரிவைப் பார்த்தேன். மான் நின்ற இடத்திலேயே படுத்திருந்தது. அசையவில்லை. ஆர்லிஸ் அடுத்த தோட்டாவை ஏற்றிக் காத்திருந்தாள், நீண்ட நேரம். பிறகு ரைபிளைத் திறந்து காலி செய்து புல்லில் வைத்தாள். அவள் வலது கை தானாக முன்னால் போனது, இரண்டு தட்டுத் தட்ட. அங்கே இருந்தது குச்சி. கை காற்றில் நின்றது.

அண்ணன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. முகம் சிவந்துகொண்டு வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. "நார்வல், விழுந்துடுச்சு, மூச்சு விடு" என்றேன். விரல் காதில் இருக்க அவனுக்கு எங்கே கேட்கும்? கேட்டிருந்தாலும் என் பேச்சுக்கு விட்டிருக்க மாட்டான்.

ஆர்லிஸ் முட்டிபோட்டபடியே சரிவில் இறங்கி வந்தாள், ஆரஞ்சுச் சட்டை புதரில் மாட்டி இழுத்ததையும் கவனிக்காமல். அவன் பின்னால் போய் மண்டியிட்டாள். ஆடிக்கொண்டிருந்த அந்த வலது தோளில் கையை வைத்து இரண்டு முறை தட்டினாள்.

அவன் மூச்சு விட்டான். அவள் கையை எடுக்கவில்லை. நான் கயிற்றை எடுத்துக்கொண்டு மானிடம் போனேன்.